வீட்டுக்காரி

ஜனவரி 6, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு ஜெனோவாவின் ஃபோன் அடித்தது. தினமும் அடிக்கிறது. ஜெகதா அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முதல் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் ஜெனோவாவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாராம். குடியை விட்ட பெண்களுக்கென்று அயனாவரத்தில் ஒரு குழு இருக்கிறது. புதிதாக வந்தவளைக் கைப்பிடித்து நடத்துகிறவர் என்பதால் அங்கே இவருக்கு ஸ்பான்சர் என்று பெயர்.

படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். "நல்லாருக்கேன்க்கா. தூங்குனேன். இல்லக்கா, நெனப்பே வரல." இதையெல்லாம் என்னிடம் சொல்வதில்லை. கேட்டால், "நீதான் பக்கத்துலயே கெடக்கியே, தெரியாதா?" என்பாள்.

இன்று முன்னூற்று முப்பத்திரண்டாம் நாளாம். அவள் எண்ணைச் சொல்லும்போது நான் தலையாட்டுகிறேன். எண்ணுவது அவள் வேலை.

காபி போடும்போது சொன்னாள். "பிப்ரவரி எட்டு எனக்கு பொறந்தநாள் மாது."

குடிக்காமல் ஒரு வருடம் முடித்தால் அதைப் பிறந்தநாள் என்கிறார்கள். கேக், மெழுகுவர்த்தி, கைதட்டல், ஒரு பித்தளை மெடல். அதை வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையில் கொடுக்க வேண்டும். கணவன், அம்மா, மகள், யாராவது. தூத்துக்குடியிலிருந்து அவள் வீட்டார் யாரும் வரமாட்டார்கள்.

"நீதான் குடுக்கணும்."

"யாருன்னு சொல்லிக் கொடுக்கிறது?"

"மாதங்கின்னு சொல்லிக் குடு."

"பேரைக் கேட்டா பேரோட நிறுத்துவாங்களா?"

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு லேபுக்குக் கிளம்பிப் போனாள். பெரம்பூர் முழுக்க யார் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று இவளுக்குத் தெரியும்.

நான் பத்தாம் வகுப்புத் தமிழ்த் துணைநூலுக்கு மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பதினாறு பிழை.

ஜனவரி 9, வெள்ளி

ரசத்தில் உப்பில்லை. அவள் வைத்தது. சொல்லவில்லை. இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

வற்புறுத்திக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் குடித்தவர்கள், எதிர் அறையில் அவர்கள் வீட்டார். குழந்தைகளுக்கான பெஞ்சு. முழங்கால் இடித்தது. சுவரில் பழங்களின் படம்.

ஒவ்வொருவராக எழுந்து பெயரும் உறவும் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "அக்கா," என்றேன். ஒரு அம்மாள் என் தோளைத் தடவினார். "ஆம்பள குடிச்சா ஊரே வரும். பொண்ணு குடிச்சா கூடப் பொறந்ததுகூட வராது. நீயாவது வந்தியே தாயி." நன்றி சொன்னேன். எனக்கு இரக்கம் காட்டுகிறவர்களைப் பிடிப்பதில்லை. அதுவும் பொய்யான தகவலை வைத்துக்கொண்டு காட்டுகிறவர்களை.

வெளியே ஜெகதா அக்காவைப் பார்த்தேன். குள்ளம். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமையிலும்.

"நீதான் மாதுவா? புக்குல தப்பு கண்டுபுடிக்கிற வேலையாமே. உனக்கு அளவெடுத்து தச்சாப்ல இருக்கு கண்ணு."

ஜெனோவா சிரித்தாள். எனக்கு ஒன்று உறைத்தது. இவருக்கு எல்லாம் தெரியும். தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அங்கே ஒரு படி இருக்கிறது. ஜெனோவா அதை ஜூனிலேயே ஏறிவிட்டாள். அவளைப் பற்றிய எல்லாம் என்றால் அதில் பாதி நான்.



ஜனவரி 13, செவ்வாய்

நான்கு வருடமாக அவளோடு இருக்கிறேன். முதல் மூன்று வருடம் முடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க வைத்தது நான். லேபுக்கு ஃபோன் செய்து காய்ச்சல் என்றது நான். மோர்ச்சோற்றைக் கரைத்து ஸ்பூனில் ஊட்டியது நான். அப்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். விட்டால் நான் போய்விடுவேன் என்பது போல.

இப்போது நேராகப் படுத்துத் தூங்குகிறாள். சமைக்கிறாள். கேஸ் புக் செய்கிறாள். ஜெகதா அக்காவோடு சிரிக்கிறாள்.

எனக்குப் பொறாமை இல்லை. பொறாமைப்பட அங்கே என்ன இருக்கிறது? ஒரு வேன்.

அக்டோபரில் இரண்டு நாள் நான் திருச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தது வேறு விஷயம். அது எங்கள் வீட்டு வேலை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வீட்டுக்காரி கீழிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். பெயர் குமுதவல்லி. முகத்துக்கு நேரே ஆன்ட்டி என்போம். முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரிதான். அவரைப் பொறுத்தவரை ஜெனோவா என் சித்தி பெண். பெயர் இடிக்கிறதே என்பதற்காக, கிறிஸ்தவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு சித்தியை நான் உண்டாக்க வேண்டியிருந்தது. தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டது, ஸ்டேஷனில் பஞ்சாயத்து, எல்லாம் வைத்துக் கட்டினேன். குமுதவல்லி இப்போதும் அந்தச் சித்தியை விசாரிப்பார். போன வருடம் சித்திக்குச் சர்க்கரை வியாதி வர வைத்தேன்.

மூன்று வருடமாக இந்த மாடியில் நிம்மதியாக இருக்கிறோம் என்றால் அந்தச் சித்தியால்தான். ஜெனோவாவுக்கு இது புரியாது. உண்மை என்பது பல் தேய்ப்பது மாதிரி, தினம் செய்தால் நல்லது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 17, சனி

மதியம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஜெனோவா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் நின்றதைப் பார்க்கவில்லை. கேட்டதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் திரித்ததாக ஆகிவிடக் கூடாது.

"வீட்டுக்காரிட்ட உண்மையச் சொல்லிருதேன்க்கா. மெடல் வாங்குததுக்கு முன்னாலயே. பாவம், ஒண்ணுந் தெரியாம நம்பிட்டு இருக்கா. ...இருக்கட்டும்க்கா. தொரத்துனா தொரத்தட்டும்."

துணியை எடுக்காமல் இறங்கிவிட்டேன்.

ஆக, பித்தளைக் காசு ஒன்றுக்காக வீட்டைக் கொடுக்கத் தயாராகிவிட்டாள். அவள் வீட்டை மட்டுமல்ல. குமுதவல்லிக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும்போது என் அப்பாவின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். ஒரு ஃபோன் போதும்.

ஜனவரி 18, ஞாயிறு

ஜெனோவா கூட்டத்துக்குப் போனதும் கீழே போனேன். குமுதவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"என்னம்மா, கீழ இறங்கி வந்திருக்க? தண்ணி வரலியா?"

"வருது ஆன்ட்டி. ஜெனோவைப் பத்திச் சொல்லணும். அவளுக்குக் குடிப்பழக்கம் உண்டு."

கீரை அப்படியே கையில் நின்றது. "பொண்ணா?"

"விட்டிருக்கா. ஆனா இப்பல்லாம் மறுபடியும்... பார்த்தா தெரியாது, தெளிவா இருக்கிற மாதிரிதான் பேசுவா. இல்லாததெல்லாம் கற்பனை பண்ணிச் சொல்லுவா. என்னைப் பத்திக்கூட அசிங்கமா எதாவது சொல்லுவா. உங்ககிட்ட வந்தா நம்பிடாதீங்க."

"உன்னைப் பத்தி அசிங்கமான்னா?"

"நம்பிடாதீங்க ஆன்ட்டி. அவ்வளவுதான்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட மனசும்மா உனக்கு. சித்தி பொண்ணுன்னு இத்தனை நாளா மூடி மறைச்சிருக்க பாரு."

திட்டமிட்டதைவிடச் சுலபமாக முடிந்தது. இனி அவள் எந்த உண்மையைச் சொன்னாலும் அது குடிகாரியின் பேச்சு. ஒரு நல்ல வாக்கியத்தைப் போல இறுக்கமாக இருந்தது. மீதிக் கீரையையும் ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 19, திங்கள்

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 21, புதன்

சாயங்காலம் ஜெனோவா மேலே வந்து பையைக் கழற்றாமல் நின்றாள்.

"படிக்கட்டுல நிறுத்தி வாய ஊதச் சொல்லுதா. போலீஸ்காரன் மாதிரி."

"யாரு?"

"கீழ உள்ளவ. உங்க அக்காவே சொல்லிட்டா, மறைக்காதங்கா. ஊதுனேன். மூக்கப் பக்கத்துல கொண்டுவந்து மோந்து பாத்தா. மருந்து வாடைதான் வருதுன்னா. லேப்ல பின்ன என்ன வாடை வரும்?" பையை இறக்கினாள். "நீ எதுக்கு மாது சொன்ன?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நீ நம்மளைப் பத்திச் சொல்லப்போறேன்னுதானே? மாடியில பேசினதைக் கேட்டேன். வீட்டுக்காரிகிட்ட உண்மையைச் சொல்றேன்னு ஜெகதா அக்காகிட்ட நீதானே சொன்ன? அதுக்கு முன்னாடி நான் எதாவது செஞ்சாகணுமில்ல?"

அவள் சுவரில் சாய்ந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எங்க ஊர்ல ஒருத்தன் வீட்டுக்காரின்னு யாரச் சொல்லுவான்?"

அவள் பையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"பொண்டாட்டியச் சொல்லுவான். பத்து மாசமா ஜெகதாக்காட்ட உன்னைய அப்பிடித்தான் சொல்லுதேன். அவுகளும் அப்பிடித்தான் கேப்பாக. உன் வீட்டுக்காரி சாப்ட்டாளா, உன் வீட்டுக்காரி இன்னைக்கு என்ன திட்டுனான்னு."

துணைநூலில் 'பலபொருள் ஒருசொல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவள் நான்.

"என்ன உண்மை?" என்றேன்.

"அக்டோபர்ல ஒருநா குடிச்சேன். ஒரு வருசமெல்லாம் ஆகல. உன் கையால பொய்க்கு மெடல் வாங்க முடியாதுன்னுதான் உன்ட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"தெரியும்," என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"தெரியுமா?"

"திருச்சியிலிருந்து வந்தன்னைக்கே. மவுத்வாஷ் பாட்டில் பாதி காலி. வாடையை மறைக்கத்தானே?"

"தெரிஞ்சுக்கிட்டேவா மூணு மாசமா நான் எண்ணுதத கேட்டுட்டு இருந்த?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். "ஒரு வார்த்த கேக்கலியே. ஏன்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

"நானும் கேக்கல," என்றாள். "ரெண்டு நாள் வீட்டு வேலைக்குப் போறவ மாம்பழக் கலர் பட்டுச்சேலைய எதுக்கு எடுத்துட்டுப் போறான்னு. பொண்ணு பாக்க வந்தவன் எப்பிடி இருந்தான்? ஒசரமா?"

"அம்மா அழுதா. அதுக்காகத்தான்."

"அந்த ஞாயித்துக்கிழம நீ அங்க காபித் தட்டோட நின்ன நேரம் நான் இங்க கடை வாசல்ல நின்னேன். உன்மேல பழி போடல. என் கையாலதான் வாங்குனேன், என் வாயாலதான் குடிச்சேன். ஆனா குடிகாரி சொன்னா யாரும் நம்பமாட்டாகன்னு நெனச்ச பாரு. அதச் செய்ய உனக்குக் குடிக்கக்கூட வேண்டியதில்ல."

ஜனவரி 22, வியாழன்

இரண்டு பையோடு போய்விட்டாள். ஜெகதா அக்காவின் வேன் தெருமுனையில் நின்றது. மஞ்சள் நிறம். உள்ளே ஏழெட்டுக் குழந்தைகள். அவர்களோடு ஏறிப் போனாள்.

ஜனவரி 27, செவ்வாய்

மெய்ப்பு. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்ற அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

குமுதவல்லி கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "நல்ல காரியம் பண்ண. அதுங்களை வீட்டோட வச்சிருந்தா உன் பேரும் கெடும்." உட்கார்ந்து என் புத்தக அலமாரியைப் பார்த்தார். "இவ்ளோவும் படிச்சியா? அதான் உனக்கு இந்தப் பொறுமை." இவ்வளவு அன்பாக அவர் என்னோடு பேசியதே இல்லை. கொழுக்கட்டை நன்றாக இருந்தது. ஆறு தின்றேன்.

ஜெனோவாவிடமிருந்து ஃபோன் இல்லை. பத்து நாள். இத்தனை நாள் அவளால் தாங்க முடியாது. எனக்குத் தெரியும். எந்த நிமிடமும் யாராவது கூப்பிடுவார்கள், வந்து அழைத்துப் போ என்று. ஃபோனைக் குளியலறைக்கும் கொண்டு போகிறேன். டெட்டால், எலுமிச்சை, குளுக்கோஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போனேன். உள்ளே போகவில்லை. வகுப்பறை ஜன்னலுக்குக் கீழே நின்றேன். கேக் இல்லை. அவள் குரல் கேட்டது.

"என் பேரு ஜெனோவா. குடிநோயாளி."

"வணக்கம் ஜெனோவா," என்றார்கள் எல்லோரும், வகுப்புப் பிள்ளைகள் மாதிரி.

"இன்னைக்கு என் பொறந்தநாள்னு போட்ருக்கும். இல்ல. அக்டோபர்ல குடிச்சேன். மறச்சேன். இன்னைக்கு நூத்திப் பதினெட்டாவது நாள்."

ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

ஜெகதா அக்கா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டார். நான் கேட்டேன். "என்னை விட்டுப் போனதுக்கப்புறம் குடிச்சாளா?"

"இல்ல."

"ஒரு நாள்கூடவா?"

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "இல்லன்றேன். ஏன் கண்ணு, உனக்கு அதுல இம்மாம் ஏமாத்தம்?"

பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். அன்று எழுதமாட்டேன் என்றதை எழுதிவிடுகிறேன். அக்டோபரில் அந்தப் பாதி காலியான மவுத்வாஷ் பாட்டிலைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. இனி இவள் எங்கும் போகமாட்டாள் என்று இருந்தது.

எலுமிச்சை காய்ந்துவிட்டது. தூக்கிப் போட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

குமுதவல்லி ஒரு மஞ்சள் கவரோடு வந்தார். அம்பத்தூரில் அவர் அக்கா மகன். ஜாதகம். "உங்கப்பா நம்பர் எங்கிட்ட இருக்கு. நீ சரின்னா நானே பேசிடறேன். அந்தக் குடிகாரி இருந்தவரைக்கும் நான் வாயே தொறக்கல, வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு."

"அவ எதுவும் செய்யல ஆன்ட்டி. நான் உங்ககிட்ட சொன்னது பொய். அவ நாலு மாசமா ஒரு சொட்டு குடிக்கல."

"பாசம்மா உனக்கு. சித்தி பொண்ணுல்ல."

"சித்தி பொண்ணும் இல்ல. எனக்குச் சித்தியே கிடையாது."

இதுதான் அவரை அதிகம் தாக்கியது என்று நினைக்கிறேன். "அப்ப அந்தச் சர்க்கரை?"

"அதுவும் இல்ல."

"பின்ன அவ யாரு?"

"அவளும் நானும் சேர்ந்து வாழ்ந்தோம் ஆன்ட்டி. புருஷன் பொண்டாட்டி மாதிரி."

'மாதிரி' வேண்டாத சொல். அச்சுக்குப் போயிருந்தால் வெட்டியிருப்பேன். ஆனால் அது இல்லாமல் வாயிலிருந்து வந்திருக்காது.

அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "என் தலைக்கு மேலயா? மூணு வருஷமாவா? நான் விளக்கேத்துறேன், நீங்க மேல..." எழுந்துவிட்டார். "சாப்பாடு குடுத்தனுப்பினேனேடி. பொங்கல் குடுத்தேன். வெக்கமா இல்ல? படிச்சவளாம் படிச்சவ. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு. நான் வெளிய சொல்லமாட்டேன், எனக்கே அசிங்கம். ஆனா உங்கப்பாகிட்ட சொல்லாம விடமாட்டேன்."

வாசலில் ஒரு நிமிடம் நின்றார். திரும்பாமலே சொன்னார். "ஊதுன்னு சொன்னேன் அந்தப் பொண்ணை. பேசாம ஊதிச்சு."

ஜாதகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 16, திங்கள்

அப்பா பேசினார். நான்கு நிமிடம். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார். அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கவில்லை.

பிறகு நான் ஜெனோவாவைக் கூப்பிட்டேன். எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்காகச் சொன்னியா, உனக்காகவா?"

நல்ல பதில் ஒன்று உடனே தோன்றியது. வடிவான பதில். அதைச் சொல்லவில்லை.

"தெரியல."

அந்தப் பக்கம் டெஸ்ட் ட்யூப்கள் இடிபடும் சத்தம். "நாலு வருசத்துல உன் வாயிலருந்து இந்த வார்த்தையக் கேட்டதில்ல," என்றாள். "வேலை கெடக்கு. வைக்கேன்."

பிப்ரவரி 19, வியாழன்

புத்தகங்களைக் கட்டினேன். பதினொரு பெட்டி. அவள் விட்டுப்போன துணி ஒரு பெட்டிக்கும் கொஞ்சம் குறைவு. குமுதவல்லி கீழே மோட்டாரை அணைத்துவிடுகிறார். குடத்தில் பிடித்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றோடு ஐந்து வீடு பார்த்தாயிற்று. "யார் யார் இருப்பீங்க?" என்றார் கொளத்தூரில் ஒருவர். நானும் என் துணையும் என்றேன். "அவரு எங்க வேலை பாக்கிறாரு?" என்றார். அவள் லேபில் என்றேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வில்லிவாக்கத்தில் ஒரு அம்மாள் பாதிப் படிக்கட்டில் கேட்டுவிட்டு, மீதிப் படியை ஏற வேண்டாம் என்றார். ப்ரோக்கர், "என் பொழப்பைக் கெடுக்காதீங்க மேடம்," என்று என் நம்பரையே ப்ளாக் செய்துவிட்டார்.

மதியம் ஜெனோவா அழைத்தாள். போன பிறகு அவளாக அழைப்பது முதல் தடவை. ஜெகதா அக்கா வீட்டில் இன்னும் ரெண்டு மாதமாவது இருப்பாளாம். என்னை மன்னித்துவிட்டதாக நான் நினைத்துக்கொள்ளக் கூடாதாம். "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. வீடு கெடைச்சதா?"

ஐந்து வீட்டுக் கதையையும் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"லூசு. ப்ரோக்கர்ட்டல்லாம் சொல்லச் சொன்னது யாரு? என்ட்ட மறைக்காதன்னேன். ஊருக்கே தண்டோரா போடுன்னா சொன்னேன்?"

"எங்க சொல்லணும், எங்க வேணாம்னு எனக்குத் தெரியல."

"தெரியாதுதான். எனக்கும் எந்தக் கடைக்குள்ள போவணும் போவக்கூடாதுன்னு தெரிய ஏழு வருசம் ஆச்சு." சிரிப்பு அடங்கியது. "ஆனா நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். அது உனக்குத் தெரியணும்."

"தெரியும்."

"அடுத்து எங்க?"

நாளை ஓட்டேரியில் ஒரு வீடு என்றேன். ஒரே அறை, இரண்டாவது மாடி, தண்ணீர் அடித்துத் தூக்க வேண்டும், ஓனர் வெளியூர். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

பத்தரைக்கு என்றேன்.